மாத நடுவில் வற்றிப்போகும் இணைய இணைப்பு

மாதம் பிறந்து மூன்று வாரங்கள்கூட நிறைவடையாத நிலையில், இணையப் பொதியின் பெரும்பகுதி செலவாகிவிட்டதென அறிவிக்கும் குறுஞ்செய்தி நமது நாட்டின் பல இல்லங்களுக்கும் வந்து சேர்வது வழமையாகிவிட்டது. அதன் பின்னர் வீட்டிலே நடப்பது எல்லோரும் அறிந்ததே. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மகளின் இணையவழி வகுப்பு இடைநடுவில் அறுந்துபோகிறது. கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும் உறவினரின் முகம் வட்ஸ்அப் திரையில் உறைந்து நிற்கிறது. தந்தையார் மேலதிக டேட்டாவுக்குப் பணம் செலுத்துகிறார். அல்லது செலுத்த வழியின்றி மாதம் முடியும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறார். இத்தனையையும் செலவழித்தவர் யார் என்று கேட்டால், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தாமில்லை என்றே சொல்வர். வியப்பு யாதெனில், அவர்கள் பெரும்பாலும் உண்மையே பேசுகின்றனர் என்பதுதான்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டதிலிருந்து, வீட்டு இணைய இணைப்பு என்பது பொழுதுபோக்குச் சாதனம் என்ற நிலையிலிருந்து மாறி, மின்சாரத்தையும் குழாய்நீரையும் போன்றதொரு அத்தியாவசியத் தேவையாகிவிட்டது. பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்ட பின்னரும் தனியார் வகுப்புகளில் கணிசமானவை இணையத்திலேயே தங்கிவிட்டன. மறுபுறத்தில் செலவும் ஏறியது. பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 செப்டெம்பரில், தொலைபேசி மற்றும் இணையச் சேவைக் கட்டணங்களை 20 வீதத்தால் உயர்த்துவதற்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அனுமதி வழங்கியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக்கப்பட்டது. எனவே வாங்கிய இணைப்பைச் சீராகப் பங்கிட்டுப் பயன்படுத்துவது எவ்வாறு என்பது கணினி வல்லுநர்களுக்கு மாத்திரம் உரிய வினாவாக இன்று இல்லை. வீட்டுச் செலவைக் கணக்கிடும் எவருக்கும் உரிய வினா அது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். பட்டையகலம் எனப்படும் வேகமும், பொதியின் அளவும் இரு வேறு விடயங்கள். கிணற்றிலிருந்து நீரேற்றி நிரப்பிய தண்ணீர்த் தாங்கியொன்றை எண்ணிப் பாருங்கள். தாங்கியின் கொள்ளளவு ஒன்று; அதிலிருந்து இறங்கும் குழாயின் பருமன் இன்னொன்று. குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு விரைவாகத் தாங்கி காலியாகும். சேவை வழங்குநரின் விளம்பரங்கள் குழாயின் பருமனைப் பற்றியே பெரிதும் பேசுகின்றன.

கணக்கு எளிமையானது. வேகத்தை மெகாபிட்டிலும், பொதியை ஜிகாபைட்டிலும் சொல்வர். எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு விநாடிக்கு 1.25 மெகாபைட்டைக் கொண்டுவரும். ஒரு ஜிகாபைட் தீர்வதற்கு 800 விநாடிகள், அதாவது பதின்மூன்று நிமிடங்களும் சில விநாடிகளும் போதும். ஒரு மாதத்துக்கென 40 ஜிகாபைட் பொதி வாங்கிய வீட்டில் அவ்விணைப்பை முழு வேகத்தில் ஓடவிட்டால், ஒன்பது மணித்தியாலத்துக்குள் முழுப் பொதியும் முடிந்துவிடும். ஒரு மாதத்தில் 720 மணித்தியாலங்கள் இருக்கின்றன என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். வேகம் அதிகரித்த பின்னர் பொதி விரைவாகத் தீர்கிறது என்று மக்கள் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. வேகம் கூடியதும் காணொளித் தளங்கள் தாமாகவே உயர்ந்த தரத்திலான படத்தை அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. பார்ப்பவர் பார்த்த நேரம் கூடவில்லை. படத்தின் எடைதான் கூடியது.

நெட்பிளிக்ஸ் நிறுவனம் தனது பாவனையாளர்களுக்குத் தந்துள்ள விளக்கத்தின்படி, சாதாரண தரத்தில் ஒரு மணித்தியாலக் காணொளிக்கு 1 ஜிகாபைட் வரையும், உயர் தெளிவுத் தரத்தில் 3 ஜிகாபைட் வரையும், அதியுயர் தெளிவில் 7 ஜிகாபைட் வரையும் செலவாகும். கையடக்கத் தொலைபேசியின் சிறு திரையில் இவற்றுக்கிடையிலான வேறுபாட்டைக் கண்டறிவது எளிதன்று. இணையவழி வகுப்பின் கணக்கு வேறு. விநாடிக்கு ஒரு மெகாபிட் அளவில் ஓடும் காணொளி ஒரு மணித்தியாலத்தில் 450 மெகாபைட்டை விழுங்கும். குரல் மாத்திரம் என்றால் விநாடிக்கு 80 கிலோபிட் போதுமாகையால், அதே ஒரு மணித்தியாலத்துக்கு 36 மெகாபைட்டே தேவை. ஆசிரியரின் கரும்பலகை தெரிந்தாக வேண்டும். நாற்பது மாணவரின் முகங்களும் தெரிந்தாக வேண்டுமா என்பதை வகுப்பு நடத்துவோர் சிந்திப்பது நல்லது.

இனி, யாரும் தொடாமலே செலவாகும் பகுதிக்கு வருவோம். இதுவே நமது இல்லங்களில் பெரிதும் கவனிக்கப்படாத பகுதியாகும்.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளியான வேளையில், அதனைக் கோராதவர்களின் கணினிகளிலும் பல ஜிகாபைட் அளவான அதன் கோப்புகள் சத்தமின்றி இறக்கப்பட்டமை அந்த ஆண்டிலேயே உலகளாவிய சர்ச்சையானது. எல்லையற்ற இணைப்புள்ள நாடுகளில் அது எரிச்சல் தந்த விடயம். அளந்து விற்கப்படும் நாடுகளில் அது பணம். அத்துடன் நிற்கவில்லை. அவ்வாறு இறக்கிய புதுப்பித்தல்களை இணையத்திலுள்ள முன்பின் அறியாத ஏனைய கணினிகளுக்கு நமது இணைப்பினூடாகவே அனுப்பிவைக்கும் ஏற்பாடும் அன்றைய வீட்டுப் பதிப்புகளில் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்தது. நமது தாங்கியிலிருந்து பிறருக்கு நீர் வழங்கப்பட்டதை நாமறியோம்.

இப்போதைய விண்டோஸில் இவற்றை ஆராய்வதற்கு வழியுண்டு. செற்றிங்ஸ் பகுதியில் நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட் என்பதைத் திறந்து, டேட்டா யூசேஜ் என்பதைத் தெரிவு செய்தால், கடந்த முப்பது நாட்களில் எந்த மென்பொருள் எவ்வளவைச் செலவழித்தது என்ற பட்டியல் கிடைக்கும். விண்டோஸ் 11இல் அது அட்வான்ஸ்ட் நெட்வேர்க் செற்றிங்ஸ் என்பதற்குள் இருக்கிறது. இதனை ஒருமுறை பார்ப்பது, வீட்டிலுள்ளோரை விசாரிப்பதை விடப் பயனுள்ளது. அங்கே மாத எல்லையொன்றையும் குறிக்கலாம். ஆயினும் அது எல்லையை நெருங்கும்போது எச்சரிக்குமேயன்றி இணைப்பைத் துண்டிக்காது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

உண்மையான கட்டுப்பாட்டைத் தருவது மீற்றர்ட் கனெக்ஷன் என்ற தெரிவாகும். இந்த இணைப்பு அளந்து விற்கப்படுவது என்று கணினிக்குச் சொல்வதே அதன் பொருள். வீட்டு வை-பை இணைப்பின் விபரங்களைத் திறந்து அதனை இயக்கிவிட்டால், பெரும்பாலான புதுப்பித்தல்கள் அனுமதியின்றி இறங்கமாட்டா. வன்ட்ரைவ் போன்ற சேமிப்பகங்களின் ஒத்திசைவும் தற்காலிகமாக நிற்கும். கம்பி மூலம் இணைத்திருந்தாலும் இத்தெரிவு உண்டு. இயல்பு நிலையில் இது அணைந்தே இருக்கும். அளந்து விற்கும் நாட்டில் வாழும் நாம்தான் அதனைக் கணினிக்குத் தெரியப்படுத்தவேண்டியுள்ளது.

புதுப்பித்தல்களை அடியோடு நிறுத்திவிடும்படி ஆலோசனை கூறுவோரும் உளர். அதனை நாம் ஏற்கவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாத கணினியில் நுழைந்த தீய மென்பொருள் வங்கிக் கணக்கைத் தேடுவதோடு நில்லாமல், நமது இணைப்பையே தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும்; மிச்சப்படுத்தியது அங்கே கரைந்துவிடும். விண்டோஸ் 10இற்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்துவிட்டதால், பழைய கணினி வைத்திருப்போர் இதில் மேலும் அவதானமாயிருத்தல் அவசியம். வீட்டில் இரு கணினிகள் இருப்பின், டெலிவரி ஒப்டிமைசேஷன் என்ற பகுதியில் உள்ளக வலையமைப்பிலுள்ள கணினிகளுடன் மாத்திரம் பகிரும்படி அமைத்துவிடலாம். ஒரு கணினி இணையத்திலிருந்து இறக்கிய கோப்பின் பகுதிகளை மற்றையது வீட்டுக்குள்ளேயே பெற்றுக்கொள்ள முடியும். அந்நியருக்கு வழங்கியபோது தொல்லையாயிருந்த அதே ஏற்பாடு, இவ்வாறு பயன்படுத்தும்போது நன்மை தருகிறது.

கணினியைத் திருத்திவிட்டு ஆறுதலடைவோர் கையடக்கத் தொலைபேசிகளை மறந்துவிடுகின்றனர். வீட்டு இணைப்புகளில் நிகழும் மிகப் பெரிய தவறான புரிதல் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஸ்மார்ட் தொலைபேசிகளை வடிவமைத்தோர், கையடக்கத் தொலைபேசி டேட்டா விலையுயர்ந்தது, வை-பை இலவசமானது என்ற எண்ணத்திலேயே அவற்றை வடிவமைத்தனர். அதனால் செயலிகளின் புதுப்பித்தல், புகைப்படங்களின் காப்புப் பிரதி, வட்ஸ்அப் குழுக்களிலிருந்து குவியும் காணொளிகள் யாவும் வை-பை கிடைக்கும்வரை காத்திருந்து, வீட்டு வாசலில் கால்வைத்ததும் ஒன்றாக இறங்கத் தொடங்குகின்றன. அந்த வை-பையும் அளந்து விற்கப்படும் ஒன்றே என்பது தொலைபேசிக்குத் தெரியாது. அன்ட்ரொயிட் தொலைபேசியில் வீட்டு வை-பையின் விபரங்களுக்குள் சென்று அதனை மீற்றர்ட் எனக் குறிக்கலாம். ஐபோனில், 2019இல் வெளியான ஐஓஎஸ் 13 தொடக்கம், ஒவ்வொரு வை-பை இணைப்புக்கும் லோ டேட்டா மோட் என்ற தெரிவு இருக்கிறது. வட்ஸ்அப்பில் வை-பையிலும் காணொளிகள் தாமாக இறங்காதபடி தடுப்பதும், யூரியூப்பில் அடுத்த காணொளி தானாக ஓடுவதை நிறுத்துவதும் சில நிமிட வேலைகள். இரவு தூக்கத்திற் சாய்ந்தவரின் தலையணையருகே விடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும் காணொளிகளுக்கு வீட்டார் கட்டணம் செலுத்துவதை எத்தனையோ இல்லங்களில் காண்கிறோம்.

இதுவரை அளவு பற்றிப் பேசினோம். இனி வேகத்தைப் பங்கிடுவது. பொதியில் டேட்டா மிகுதியாயிருந்தும் வகுப்பு தடைப்படுகின்றதே, அது ஏன்?

இதற்கு நாற்பது ஆண்டு பழைய கதையொன்று உண்டு. 1986 ஒக்டோபரில், அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு, விநாடிக்கு 32,000 பிட் வேகத்திலிருந்து வெறும் 40 பிட்டுக்கு வீழ்ந்தது. இரு இடங்களுக்கும் இடையிலான தூரம் சுமார் 400 யார்தான். கம்பி அறுந்துவிடவில்லை. ஒவ்வொரு கணினியும் பதில் வரவில்லையென்று மீண்டும் மீண்டும் அனுப்ப, பாதை முழுவதும் அடைத்துக்கொண்டது. வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் இதனை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரையே, நெரிசலை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளக் கணினிகளுக்குக் கற்றுத்தந்தது. பாதையில் சில பொட்டலங்கள் தவறிப்போனால் நெரிசல் ஏற்பட்டுள்ளதென்று பொருள். உடனே நிதானமாக அனுப்பு என்பதே அவ்வழிமுறையின் சாரம்.

பின்னர் நினைவகங்களின் விலை வீழ்ந்தது. மோடம்களிலும் ரவுட்டர்களிலும் பெரிய காத்திருப்பு அறைகளைக் கட்டிவிட்டார்கள். எந்தப் பொட்டலமும் தவறிப்போகாமல் வரிசையில் காத்திருக்கத் தொடங்கவே, அனுப்பும் கணினிக்கு நெரிசல் இருப்பதே தெரியாமற் போயிற்று. ஜிம் கெற்றிஸ் என்பவர் தமது சொந்த வீட்டு இணைப்பில் இதனைக் கண்டு, 2010ஆம் ஆண்டளவில் இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயரிட்டார். வயிறு ஊதிப்போன வரிசை எனலாம். நமது நாட்டு வீடொன்றில் இது எவ்வாறு நிகழும்? இறக்க வேகம் எவ்வளவு பெரிதாயிருந்தாலும், ஏடிஎஸ்எல் இணைப்புகளில் மேலேற்ற வேகம் விநாடிக்கு ஒரு மெகாபிட் அளவிலேயே இருப்பதுண்டு. மோடத்தின் காத்திருப்பு அறை 256 கிலோபைட் என வைத்துக்கொள்வோம். தம்பியின் தொலைபேசி திருமண வீட்டுக் காணொளியொன்றை மேலேற்றத் தொடங்கியதும் அவ்வறை நிரம்பிவிடும். அதைக் காலிசெய்ய இரண்டு விநாடிகள் தேவை. அக்கா வகுப்பில் ஆசிரியருக்குச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அந்த வரிசையின் கடைசியில் நின்று இரண்டு விநாடி கழித்தே புறப்படுகிறது. அதுமட்டுமன்று. இறக்கத்தில் கிடைத்தவற்றுக்கான ஒப்புகைகளும் அதே வரிசையிலேயே நிற்பதால், இறக்க வேகமும் சேர்ந்து வீழ்கிறது. மேலேற்றம் இறக்கத்தை நெரிப்பதற்கான காரணம் இதுவே.

இதற்கான மருந்து, கேட்பதற்கு முரணாகத் தோன்றும். வேகத்தைக் கூட்டுவதன்று, சற்றுக் குறைப்பது. கிடைக்கும் வேகத்தின் 85 அல்லது 90 வீதத்தையே எல்லையாக வீட்டு ரவுட்டரில் குறித்துவிட்டால், வரிசை நமது கட்டுப்பாட்டிலில்லாத மோடத்தில் உருவாகாமல் நமது ரவுட்டரிலேயே உருவாகும். அங்கே எதை முன்னே விடுவது என்பதை நாம் தீர்மானிக்கலாம். கத்லீன் நிக்கோல்ஸ் அம்மையாருடன் இணைந்து அதே வான் ஜேக்கப்சன் 2012இல் முன்வைத்த வழிமுறையிலிருந்து பிறந்த ஏற்பாடு, 2018இல் பரிசோதனை நிலையிலான இணையத் தொழினுட்ப ஆவணமாகவும் வெளியானது. நீண்ட நேரம் காத்திருக்கும் பொட்டலங்களை அது கைவிட்டு அனுப்புபவரை எச்சரிக்கிறது. பெருங்கோப்புகளுக்கும் சிறு உரையாடல்களுக்கும் தனித்தனி வரிசை அமைக்கிறது. ஓபன்டபிள்யூஆர்ரி என்ற இலவச மென்பொருளை ஏற்கும் ரவுட்டர்களில் இதனைப் பெறலாம். ஏனையவற்றில் கியூஓஎஸ் அல்லது பேன்ட்வித் கொன்ட்ரோல் என்ற பகுதி இருந்தால், குறைந்தபட்சம் ஒவ்வொரு சாதனத்துக்கும் உச்ச எல்லையொன்றைக் குறிக்கலாம். நான்காம் தலைமுறைக் கம்பியில்லா இணைப்புகளில் வேகமே மணிக்கு மணி மாறுவதால் பொருத்தமான எல்லையைக் கண்டறிவது கடினம். அங்கே மாலை வேளையில் அளந்த வேகத்தை அடிப்படையாகக் கொள்வதே பாதுகாப்பானது.

ரவுட்டரில் இவ்வசதி இல்லையெனில், கணினியிலேயே கட்டுப்படுத்தும் வழிகள் உள. வன்ட்ரைவின் அமைப்பில் மேலேற்ற வேகத்துக்கு எல்லையிடலாம். ஆனால் அங்கே கேட்கப்படுவது கிலோபைட் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மெகாபிட் என்பது 125 கிலோபைட். ஆகவே 60 எனக் குறித்தால் பாதியைப் பிறருக்கு விட்டுவைக்கிறோம். விண்டோஸ் புதுப்பித்தலின் இறக்க வேகத்தையும் வீதக் கணக்கில் குறைக்கலாம். நெட்லிமிற்றர் போன்ற கட்டண மென்பொருள்கள் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி எல்லையிட உதவுகின்றன. எனினும் இவை யாவும் அந்த ஒரு கணினியை மாத்திரமே அடக்கும். அடுத்த அறையிலுள்ள தொலைபேசிக்கு இவற்றின் ஆணை செல்லாது. வாசற்கதவில் நிற்கும் ரவுட்டரே எல்லோரையும் பார்க்கிறது. அதன் அடிப்புறத்தில் ஒட்டப்பட்ட கடவுச்சொல்லையே இன்னும் பயன்படுத்துவோர் அதனை மாற்றிவிடுவது நல்லது. அயல்வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சைக் காலத்தில் இணைப்பைக் கொடுத்துதவுவது பண்பான செயல். கொடுத்தது தெரியாமல் கொடுத்துக்கொண்டிருப்பது வேறு.

நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கெனத் தனி ஒதுக்கீடு வழங்கும் பொதிகள் பற்றியும் கூறவேண்டும். பகற்பொதி தீர்ந்தபின், பாடக் காணொளிகளைப் பார்ப்பதற்காக இரவு ஒரு மணிவரை விழித்திருக்கும் மாணவர்கள் பற்றிப் பெற்றோர் கவலை தெரிவிக்கின்றனர். அக்கவலை நியாயமானதே. இறக்கிச் சேமிக்க அனுமதிக்கும் தளங்களில், பெருங்கோப்புகளை அந்நேரத்துக்கு அட்டவணையிட்டுவிட்டால் பிள்ளை உறங்கலாம். நோன்பு மாதத்தில் சஹர் வேளையில் எழும் இல்லங்களில், அந்த அரைமணி நேரத்திலேயே வாரத்துக்கான புதுப்பித்தல்களைத் தொடக்கிவைக்கவும் இயலும்.

சேவை வழங்குநர்களுக்கும் ஒன்று கூறவேண்டியுள்ளது. எல்லையற்ற பொதி என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுள், குறித்த அளவைத் தாண்டியதும் வேகம் குறைக்கப்படுவன உள்ளன. அந்த அளவு எவ்வளவு, குறைக்கப்பட்ட வேகம் எவ்வளவு என்பன சிறு எழுத்தில் ஒரு மூலையில் இருப்பது முறையன்று. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் பாவனையாளரின் நலனைப் பாதுகாக்கும் கடமை ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு உண்டு. இறக்க வேகத்தைப் போன்றே மேலேற்ற வேகமும் விளம்பரத்தில் இடம்பெறச் செய்வதும், வீட்டுக்கு வழங்கப்படும் ரவுட்டரில் சாதனவாரியாகச் செலவைக் காணும் வசதியைக் கட்டாயமாக்குவதும் அக்கடமைக்கு அப்பாற்பட்டனவல்ல. அந்த ரவுட்டருடன் வரும் கையேடு தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால், மாத நடுவில் வாடிக்கையாளர் சேவை இலக்கத்தை அழைத்துக் காத்திருப்போரின் தொகையும் குறையும்.